இடது ஓரத்தில் ஒரு கத்தி

“ஐயோ... கொலை!”

மனைவி போட்ட அலறலில் வீடே அதிர்ந்தது. போட்டோகிராபர் மட்டும் அசையவில்லை.

“எங்க?” என்றார்.

“கம்ப்யூட்டர்ல பாருங்க. நீங்க எடுத்த படத்துலதான்... இடது ஓரத்துல, எதிர் மாடி ஜன்னல்ல! ஒருத்தன் உக்காந்திருக்கான். முகத்தை ஏதோ கறுப்பா மறைச்சிருக்கு. பின்னால இன்னொருத்தன் கத்தியை ஓங்கிட்டு நிக்கிறான்...”

போட்டோகிராபருக்கு முகம் மலர்ந்தது.

“அவ்வளவு ஓரத்துல இருக்கற கத்தி உனக்குத் தெளிவா தெரியுதா?”

“கூர்கூடத் தெரியுது.”

“விளிம்புல ஊதா நிறம் கசியுதா?”

“ஒரு மனுஷன் சாகப்போறான்...”

“சரி, அது கிடக்கட்டும். கசியுதா, இல்லையா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு பழைய லென்ஸைக் காலையில்தான் வாங்கியிருந்தார். டார்ச் அடித்துப் பூஞ்சை தேடியாயிற்று. வளையத்தைத் திருகித் திருகிக் காது கொடுத்துக் கேட்டாயிற்று. கடைசிப் பரீட்சை... ஜன்னலோரம் கேமராவை நிறுத்தி, எதிர்க் கட்டிடத்தின் செங்கல் சுவரைப் படமெடுத்து, நாலு மூலையும் மங்காமல், நிறம் கசியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. நடுவில் யானையே நின்றாலும் அவர் மூலையைத்தான் பார்ப்பார்.

லென்ஸை விற்ற மீசைக்காரர் சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானமே தேடி வந்துவிட்டார்.

“இந்த வியாபாரம் வேணாம் சார். லென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க. அப்பா ஞாபகமா வெச்சிருந்தது... மனசு கேக்கல.”

“செக் பண்ணி முடிச்சுடறேன் சார். குறை இருந்தா நானே தந்துடறேன்.”

மனைவி அதற்குள் இன்ஸ்பெக்டரான தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். மீசைக்காரர் எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

“ஆமா... எதிர் வீடுதான்,” என்றார் அவசரமாக.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வந்தது. போட்டோகிராபர் எடுத்தார்.

“மாப்ள, ஜன்னல் பாதி திறந்து கிடக்கற வீடுதானே? உள்ளதான் நிக்கறேன். காலி வீடு. ஒட்டடையைத் தவிர ஒண்ணுமில்ல.”

போட்டோகிராபர் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவில் கண்ணை வைத்தார். இடது ஓரம்... திறந்த ஜன்னல் கதவு... அதே ஆள்!

“இருக்கான் மச்சான். உயிரோடதான் இருக்கான். யார்கிட்டயோ போன் பேசறான்.”

குழப்பத்தில் தலையைச் சொறிந்தார்.

அவனும் சொறிந்தான்.

போட்டோகிராபருக்குப் புரிந்தது. அவன் அந்த வீட்டுக்குள் இல்லை. அந்த ஜன்னல் கதவின் கண்ணாடியில் விழுந்த பிம்பம் அது. இவருடைய ஸ்டூல். இவருடைய கேமரா. இவரேதான்!

அப்படியென்றால், பின்னால் கத்தியோடு நின்றவன்...

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன சார்...” மீசைக்காரரின் குரல் காதுக்கு வெகு அருகில். “குறை ஏதாவது தெரிஞ்சுதா?”

போட்டோகிராபர் பயந்தார். வெட்கமில்லாமல் பயந்தார். கழுத்தில் ஏதோ ஜில்லென்று பட்டது...

ணங்!

மீசைக்காரர் சுருண்டு விழுந்தார். கத்தி ஒரு பக்கம் தெறித்தது. பின்னால் மனைவி... கையில் லைட் ஸ்டாண்டு!

“படத்தை இன்னும் பெருசாக்கினேன். மீசை தெரிஞ்சுது,” என்றாள் மூச்சிரைக்க.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்து விலங்கு மாட்டினார். லென்ஸில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தார். விசில் அடித்தார்.

“போன வாரம் ஒரு போட்டோகிராபரைக் கொன்னுட்டு ஒருத்தன் கேமரா பையைத் தூக்கிட்டுப் போனான்ல? அவன்தான் இவன். அந்தப் பையில இருந்த லென்ஸ்தான் இது. இந்த நம்பரைச் சுரண்டாம வித்துட்டு, மாட்டிக்குவோம்னு லென்ஸைத் திரும்பப் புடுங்க வந்திருக்கான். தங்கச்சி டீயோட உள்ள வரலைன்னா நீ படம் எடுத்தப்பவே உன் கதை முடிஞ்சிருக்கும்.”

போட்டோகிராபர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“ஏன் மாப்ள, முதுகுக்குப் பின்னால ஒருத்தன் கத்தியோட நின்னதுகூடவா உனக்குத் தெரியல?”

அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

“எதிர்ல பொண்டாட்டி வந்து நின்னாலே இவருக்குத் தெரியாதுண்ணா. பின்னால நின்னவன் எங்க தெரியப்போறான்!”