மீனாம்பிகையில் மூன்றாவது தட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நல்லூரான் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். குருநகர் பிலிப்பு தன் வாயால் சொன்னது இது. அரியாலையில் எங்கள் வீட்டு வாசல் படலையடியால் போனவனை நானேதான் சாப்பிடக் கூப்பிட்டேன். மூன்று தரம் சோறு வாங்கித் தின்றபடி சொன்னான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கடலில் ஆறாம் நாள் மத்தியானம் பிலிப்பு இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தான். துடைக்கிற துணியோடு திரும்பியபோது மூன்று தட்டுகள் ஈரமாக இருந்தன.

கஜானன் ஒஸ்லோவில் இருபது வருடம் உழைத்த காசில் பினாங்கில் வாங்கிய பாய்ப்படகு அது. தாயின் பெயரையே வைத்து, 'மீனாம்பிகை' என்று எழுதுவித்து, காங்கேசன்துறைக்குக் கொண்டுவருவதற்காகக் கடல் தெரிந்த பிலிப்பை விமானத்தில் கூப்பிட்டிருந்தான். குளிர்ப்பெட்டி, சுடுதண்ணீர்க் குளியல், மெத்தை, தானே சுக்கான் பிடிக்கிற மெஷின். குருநகரில் பாதி வீடுகளுக்கு அந்தச் சொகுசு இல்லை. பத்து நாள் பயணம். உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை பிலிப்பின் மகள் ஜெயனிக்குக் கலியாணம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் பிலிப்பு. அதற்குள் கரை சேர வேண்டும். அவன் மாதாவிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பிழை நடந்தது ஐந்தாம் நாள். கஜானனின் கைக்கடிகாரம் பன்னிரண்டுக்குக் கூவும், அதுதான் அவர்களுக்குச் சாப்பாட்டு மணி. மேல்தளத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கையில், கூப்பிடு தூரத்தில் ஒரு பைபர் படகு மிதந்து வந்தது. அதில் யாரோ முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். சோற்றில் கை வைத்தவன் ஆளைக் கண்டால் ஒரு சொல் சொல்லத்தானே வேண்டும். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். வாய் அவனைக் கேளாமலே சொல்லிவிட்டது.

"வாங்கோ, சாப்பிடுவம்."

கஜானன் சிரித்தான். "அண்ணை, நடுக்கடலிலையும் உந்தப் பழக்கம் விடேல்லையோ? ஆள் வந்து இருந்திட்டா என்ன செய்வியள்?"

"வந்தாப் போடுறதுதானே தம்பி. கேளாமத் திண்டா வயித்துக்கை குத்தும்."

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். படகில் ஆளில்லை. அதன் உட்புறமெல்லாம் சிப்பி பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே காற்று விழுந்தது.

விழுந்த காற்று எழும்பவில்லை. கடல் ஆறிய கஞ்சி போல ஆடை படர்ந்து கிடந்தது. இரண்டு நாள் இயந்திரத்தை ஓட்டினார்கள். டீசல் முடிந்ததே தவிர, திரையில் இடம் காட்டும் எண் ஒன்றுகூட மாறவில்லை. வானொலியில் வெறும் இரைச்சல். கீழே, வெயில் வட்டக் கண்ணாடிகளால் வந்து மேசையில் விழுகிற அந்த நல்ல அறைக்குள், களப்புச் சேற்றில் ஊறி அழுகிய தென்னம்பொச்சு நாரின் மணம் நாளுக்கு நாள் தடித்தது. ஜன்னலோர மெத்தை ஓர் ஆள் இருந்த பள்ளத்தோடு நனைந்து, துடைத்தால் மறுபடி நனைந்தது. ஒவ்வொரு மத்தியானமும் கடிகாரம் கூவி ஓய்ந்ததும், மணலோடு சோறு மெல்லுவது போல, அவசரமே இல்லாத ஒரு சத்தம் அந்த மூலையிலிருந்து கேட்டது. சத்தம் நிற்கும்போது பானையில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

"நீங்கள்தானே கூப்பிட்டனியள். நீங்களே போகச் சொல்லுங்கோ," என்றான் கஜானன். அவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"சாப்பிட வந்தவரை எழும்பச் சொல்லுறதோ? என்ரை வாயாலையோ?"

"அண்ணை, அரிசி ரெண்டு நாளுக்குத்தான் கிடக்கு. ஜெயனியின்ரை கலியாணத்துக்குப் போறதோ, இல்லை உவருக்குப் பரிமாறிக்கொண்டு இஞ்சை கிடந்து சாகிறதோ?"

பிலிப்பு போய் மேசையடியில் நின்றான். சாப்பிட்டது காணும், எழும்புங்கோ என்று சொல்ல வாயெடுத்தான். மூன்று தரம் எடுத்தான். மூன்று தரமும் வந்தது வேறு சொல்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

பத்தாம் நாள் அரிசிப் பெட்டி வெறுமையாயிற்று.

பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், கஜானன் மீன் வெட்டும் கத்தியோடு போய் அந்த நனைந்த மெத்தையில் இருந்தான். "நான் இதிலை இருக்கிறன். அவர் எங்கை இருக்கிறார் எண்டு பாப்பம்."

மேலே பாய் படபடத்தது. காற்று. பிலிப்பு ஏணியில் தாவி ஏறினான். ஜெயனியின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினான்.

பாய் அசையவில்லை. கடல் அசையவில்லை.

"தம்பி?"

இறங்கினான். மெத்தையில் கத்தி மட்டும். குளியலறை பார்த்தான். கட்டில்கள். நங்கூரம் வைக்கிற அறை. மறுபடி மேலே. சுற்றிவரத் தண்ணீரில் ஒரு சுழியும் இல்லை.

கீழேயிருந்து மணம் வந்தது. பொச்சு மணமில்லை. கறி மணம்.

மேசையில் மூன்று தட்டுகள். ஒன்றையும் பிலிப்பு வைக்கவில்லை. சோறு. ஆவி பறந்தது. இரண்டு நாள் பட்டினி. கேவலம், வாய் ஊறியது.

மெத்தை தாழ்ந்தது.

விரல் கணுக்களில் சிப்பி பிடித்த கையொன்று. ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளியது. மெதுவாக. மரியாதையாக.

"வாங்கோ, சாப்பிடுவம்."

பிலிப்பின் குரல். பிலிப்பின் வாய் மூடியிருந்தது.

பன்னிரண்டு மணி. கஜானனின் கடிகாரம் கூவியது. சோற்றுக்குள்ளிருந்து.

கூப்பிட்டவரை மறுக்கிற பழக்கம் பிலிப்புக்கு இல்லை. இருந்தான். கை நனைத்தான்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னது, குருநகரில் அவனுடைய ஆத்மசாந்திக்கு வைத்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நான்காம் நாள்.