முருங்கை மரத்து வேதாளம்

நாகலக்ஷ்மி டீச்சர் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சேலையூர் காலனியில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். அன்று காலை ஆட்டோக்காரர் சிட்டிபாபு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

விமானத்தில் கடத்திவந்து பிடிபட்ட மார்மோசெட் குடும்பம் ஒன்று மீட்பு மையத்தில் இருந்தது. அணிலைவிடச் சற்றே பெரிய தென் அமெரிக்கக் காட்டுக் குரங்கு. ஐந்து நாளைக்கு முன் சிட்டிபாபு தன் ஆட்டோவில் அவற்றைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகும்போது, கேம்ப் ரோடு பள்ளத்தில் வண்டி குதிக்க, கூண்டு திறந்து ஆண் குரங்கு தாவிவிட்டது. அந்த இனத்தில் குட்டிகளைச் சுமப்பது பெரும்பாலும் தகப்பன்தான். இப்போது தாயே இரண்டு குட்டிகளையும் சுமந்து துவண்டுகொண்டிருந்தது. கொக்கியைச் சரியாக மாட்டாதது தான்தான் என்று சிட்டிபாபுவுக்குத் தெரியும். தெருத்தெருவாக வாழைப்பழம் கட்டியும் பலனில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜகோபாலன் சார் வந்து நின்றார்.

"யாரோ என் முருங்கை மரத்துல ஆணி அடிக்கிறாங்க மேடம். கிளையெல்லாம் வரிசையா ஓட்டை. பக்கத்து வீட்டு ஜெபசீலன் வேலைதான். கம்பளிப்பூச்சி அவர் சுவத்துல ஏறுதுன்னு சண்டை. மத்தியானம் மரத்தையே வெட்டப்போறேன். வைஃப் மஹாலட்சுமி வேற, மரத்துல வேதாளத்தைப் பார்த்தேன்னு உளர்றா."

"நம்ம பேஜாரே பெருசா கீது டீச்சர். இவுருக்கு மரம்தான் இப்போ முக்கியம்," என்று முணுமுணுத்தார் சிட்டிபாபு.

"வண்டியை எடுங்க," என்றார் டீச்சர்.

மரத்தடியில் அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜெபசீலனையும் மதில் ஓரம் கூப்பிட்டார்.

"ஓட்டையெல்லாம் உச்சிக் கிளையில இருக்கு. முருங்கைக் கிளை ஆள் ஏறினா முறிஞ்சிடும். ஒண்ணுகூட முறியல. சுத்தியல் சத்தமும் யாரும் கேக்கல. ஆணி அடிச்சிருந்தா பிசின் வடிஞ்சு கட்டியா நிக்கணும். இங்க ஒரு சொட்டு இல்ல. அப்போ பிசின் எங்க போச்சு?"

டீச்சர் உச்சிக் கிளையைச் சுட்டிக்காட்டினார்.

"மரத்தைப் பல்லால கொறிச்சு, ஊறுற பிசினை நக்கித் தின்னுருக்கு. அந்த மாதிரி பிழைக்கிற பிராணி நம்ம ஊர்ல கிடையாது. மஹாலட்சுமி, உங்க வேதாளம் எப்படி இருந்தது?"

"குட்டியூண்டு கிழவன் மூஞ்சி மேடம். காதோரம் பஞ்சு மாதிரி வெள்ளை முடி."

"அதான். அதேதான்," என்று சிட்டிபாபு மதிலைப் பிடித்துக்கொண்டார்.

மையத்திலிருந்து தாயையும் குட்டிகளையும் கூண்டோடு கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்கள். அதை ஒட்டி இன்னொரு கூண்டு திறந்திருந்தது. குட்டி ஒன்று கீச்சென்றது. உச்சியில் இலை அசைந்தது. வெள்ளைக் காது கிளை கிளையாக இறங்கிவந்து கூண்டுக்குள் புகுந்தது. இரண்டு கூண்டுக்கும் நடுவிலிருந்த கதவைத் தூக்கியதும் இரண்டு குட்டிகளும் தகப்பன் முதுகில் ஏறிக்கொண்டன.

"மரத்தை வெட்டல," என்றார் ராஜகோபாலன், ஜெபசீலன் முகத்தைப் பார்க்காமல். "தப்பா நெனச்சிட்டேன் சார்."

"பூச்சிக்கு ஏதாவது பண்ணுங்க சார். அது போதும்," என்றார் ஜெபசீலன்.

திரும்பும்போது சிட்டிபாபு கொக்கியை மாட்டி, மேலே கயிற்றாலும் கட்டி, வண்டியை நடக்கும் வேகத்தில் ஓட்டினார். பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"அடிச்சிக்கோ நைனா," என்றார் அவர். "உள்ள புள்ளைங்க அப்பா மேல தூங்கிகினு கீது."