படுத்தால் பேசும் மண்வெட்டி

"மூணடில கேக்குது! இன்னும் கொஞ்சம் ஆழமாப் புதைங்க!" என்று கத்தினாள் எப்சிபா.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்று எரிந்து விழுந்தான் அவள் அண்ணன் ஞானதுரை. "நம்மகிட்ட இருக்கது ஒரே மண்வெட்டி. அதையும் புதைச்சிட்டா பெட்டிய எதை வச்சுத் தோண்ட? பல்லாலயா?"

அவர்கள் நின்றது தேரிக்காட்டின் நட்டநடுவில். எங்கே திரும்பினாலும் செக்கச்சிவந்த மணல், அங்கங்கே குட்டை வடலிப் பனைகள். எண்பது வருடங்களுக்கு முன் ஆடிக் காற்று மூடிவிட்டுப் போன கருப்பட்டி சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்று இந்த மணலுக்கடியில் கிடந்தது. உள்ளே ஓர் இரும்புப் பெட்டி! அதைத் தேடித்தான் அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். கூட்டாளி பேச்சிராஜாவும் கூட வந்திருந்தான்.

கையிலிருந்த மெட்டல் டிடெக்டர், ஞானதுரை தன் ரேடியோ கடையில் தானே செய்தது. அது பாதாளம் வரை கேட்கும் என்று அவனுக்கு நினைப்பு. எப்சிபா அதெல்லாம் நம்புகிற ஆளா? புதைத்துப் பார்த்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் ஒரு எட்டுகூட நகரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எதுவும் மேலாகக் கிடந்தால் கருவி வீறிட்டது, ஆழம் கூடக் கூடச் சத்தம் குறைந்தது. ஐந்து ரூபாய் நாணயம் ஒரு சாண் ஆழம் வரை கேட்டது. தகரப் பெட்டி நாலரை அடி. மண்வெட்டியின் தகடு படுக்கையாக இருந்தால் மூன்றேகால் அடி. அதையே நிமிர்த்தி நிறுத்திப் புதைத்தால் ஓரடிக்குக் கீழே சத்தமே இல்லை.

"பார்த்தியா அண்ணே! படுத்தாத்தான் பேசுது. நின்னா ஊமை!"

"இந்தக் கூத்தை முடி. நீ அளந்து முடிக்கதுக்குள்ள பெட்டிக்குக் கால் முளைச்சு ஓடிரும்."

அவள் காதில் வாங்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கருவி கத்தியது! மூன்றடி தோண்டியதும் பனங்கைச் சட்டங்கள் போட்ட கூரை தட்டுப்பட்டது. ஓட்டை போட்டார்கள். ஞானதுரை மண்வெட்டியோடு கயிற்றில் இறங்கினான். கூரைக்குச் சற்றுக் கீழே, பரண்மேல் பெட்டி இருந்தது. கயிற்றில் கட்டிக் கொடுத்தான். மேலே இருந்த இருவரும் மூச்சு முட்ட இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

"அருமையான வேலை, பிள்ளைகளா!"

திரும்பினார்கள். கொம்பையா! கோயில் விளக்கு முதல் பழைய செப்புக் குடம் வரை திருடி விற்கிற பாவி. கையில் அரிவாள். பின்னால் ஜீப்பும் டிரைவரும்.

பேச்சிராஜா பாய்ந்தான். அரிவாளின் பின்புறத்தால் கொம்பையா அடித்த அடியில் அவன் முன்கை எலும்பு மளுக்கென்று முறிந்தது. அடுத்த அடி நெற்றியில் விழுந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, சுருண்டு விழுந்தான். எப்சிபா கொம்பையாவின் கையைக் கடித்துத் தொங்கினாள். அவளை முடியைப் பிடித்து இழுத்து வடலியில் மோதினான்.

"ஏய்! மேல என்ன நடக்கு?" என்று கீழிருந்து ஞானதுரை அலறினான்.

"உன்னை அடக்கம் பண்ணுதோம், தம்பி!"

கயிற்றை அறுத்தான். குழியின் விளிம்பை அவனும் டிரைவரும் காலால் உதைத்தார்கள். தேரி மணலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடகடவென்று தானே சரிந்து ஓட்டையை அடைத்துவிட்டது. அறுத்த கயிற்றாலேயே எப்சிபாவை வடலியோடு கட்டினார்கள். கருவியை எட்டி உதைத்தார்கள். பெட்டியோடு ஜீப் கிளம்பியது.

கட்டியது வடலியில். அங்கேதான் கோட்டை விட்டான் கொம்பையா. வடலியின் மட்டையில் இரண்டு பக்கமும் ரம்பப் பல்லாகக் கருக்கு இருக்கும். எப்சிபா கயிற்றை அதில் தேய்த்தாள். கயிறு பாதி, கைத்தோல் பாதி என்று அறுந்தது. வலிக்கிறதே என்று அழுதாள், அழுதுகொண்டே தேய்த்தாள். அரைமணி நேரத்துக்குப் பிறகு கை விடுபட்டது.

ஆனால் குழி எங்கே? காற்று மணலை வாரி வாரி இறைத்து, தோண்டிய தடம், கால்தடம், டயர்தடம் எல்லாவற்றையும் துடைத்திருந்தது. ஐம்பது அடிச் சுற்றுவட்டத்தில் எல்லாமே ஒன்றுபோலச் சிவந்து கிடந்தது. கீழே அண்ணனுக்கு இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கும்?

கருவியின் கைப்பிடி உடைந்திருந்தது. அடியிலிருந்த கம்பிச்சுருள் வட்டமும் சத்தம் போடுகிற சின்னப் பெட்டியும் உயிரோடு இருந்தன. வளையலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓரடிக்கு ஒரு கோடு கிழித்து, கோட்டோடு நடந்தாள்.

கருவி வீறிட்டது! தோண்டினாள். ஒரு சோடா மூடி!

"நாசமாப் போ!" என்று அதை வீசினாள். இவ்வளவு பலமாகக் கத்தினால் அது மேலாகத்தான் கிடக்கும் என்று காலையில் தானே எழுதியது மறந்துபோயிற்றே! பெட்டியும் போய்விட்டது. கீழே மிச்சம் இருக்கிற இரும்பு ஒரே மண்வெட்டி. அதை அண்ணன் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தால்? நின்றால் ஊமை!

"அண்ணே, படுக்க வையேன்! கர்த்தாவே, அவனுக்குப் புத்தியைக் கொடும்!"

பதினோராவது கோட்டில் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. கருவியை அசைக்காமல் பிடித்தாள். சத்தம் நின்றது. வந்தது. மறுபடியும் நின்றது.

மண்ணுக்குள் கிடக்கிற இரும்பு தானாக அசையுமா? யாரோ அதைப் படுக்க வைத்து, நிமிர்த்தி, படுக்க வைக்கிறார்கள்!

"உயிரோட இருக்கான்! பேச்சி, எந்திரி! அண்ணன் உயிரோட இருக்கான்!"

பேச்சிராஜா ஒற்றைக் கையால் ஊர்ந்து வந்து வாரினான். அவள் இரண்டு கையாலும் வாரினாள். நகம் பிய்ந்தது. மூன்றடி ஆழத்தில் பனங்கை, பக்கத்தில் ஓட்டை. மணல் உள்ளே சரிந்ததும் ஐந்து விரல்கள் வெளியே வந்தன.

"மண்வெட்டி எங்கட்டி?"

பின்னால் கொம்பையா மூச்சிரைக்க நின்றான். நாலு சக்கரமும் மணலில் புதைந்து, ஜீப் அரை மைலில் உட்கார்ந்துவிட்டது. தோண்டி எடுக்க மண்வெட்டி தேடி வந்திருக்கிறான்!

"நீ புதைச்ச இடத்துலதான் கெடக்கு. வந்து எடுத்துக்கோ!"

அரிவாளை ஓங்கி வந்தான். எப்சிபா கருவியின் குழாயை உருவி அவன் முட்டியில் விளாசினாள். அவன் தடுமாறினான், விழவில்லை. அரிவாள் இறங்கி அவள் தோளைக் கிழித்தது. பேச்சிராஜா ஒரு கை மணலை அள்ளி அவன் கண்ணில் அடித்தான். பேச்சிராஜாவை உதைத்துத் தள்ளிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே கொம்பையா மறுபடியும் அரிவாளைத் தூக்கினான்.

அப்போது ஓட்டைக்குள்ளிருந்து மண்வெட்டி கிளம்பியது! அதன் முதுகு கணுக்காலில் விழுந்த வேகத்தில் எலும்பு நொறுங்கியது. கொம்பையா ஓலமிட்டு விழுந்தான். இடுப்பு வரை மணலில் நின்றபடி ஞானதுரை இன்னொன்று வைத்தான். அரிவாள் பறந்தது.

அவனை அதே வடலியில் கட்டினார்கள், இந்தத் தடவை கருக்கைச் சீவிவிட்டு. டிரைவர் ஜீப்பையும் பெட்டியையும் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான்.

சாயங்காலம் கொம்பையாவைப் போலீஸிலும் பெட்டியைத் தாலுகா அலுவலகத்திலும் ஒப்படைத்தார்கள். பூட்டை உடைத்தபோது உள்ளே வெள்ளிக் காசுகள் பளபளத்தன. ஊரே கூடி நின்று கைதட்டியது. தோளில் ஒன்பது தையலோடு எப்சிபாவும், கட்டுப்போட்ட கையோடு பேச்சிராஜாவும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஞானதுரை மட்டும் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"முதல்ல மண்வெட்டிய மூலையில நிறுத்தித்தான் வச்சிருந்தேன்," என்றான் தங்கையிடம். "அப்புறம்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, பரண்ல ஏறிக் கூரையோட ஒட்டிப் படுக்க வச்சு வச்சு எடுத்தேன். என் மெஷினு எதுவரைக்கும் கேக்கும்னு எனக்குத் தெரியல, எப்சி. உனக்குத்தான் தெரிஞ்சுது."

அவளிடமிருந்து நோட்டை வாங்கினான். நாணயம், தகரப் பெட்டி, மண்வெட்டி என்று அவள் எழுதியிருந்த வரிசைக்குக் கீழே, ஒரு வரி சேர்த்தான்.

"அண்ணன். மூன்றடி. கேட்டது."