ஒரு தட்டு, இரண்டு தட்டு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஐம்பத்தெட்டு வயதான காரின் முன்கண்ணாடி ஓரமாக நான்கு வருடங்களாய் ஒழுகிவந்த நீரானது, தலைவர் அவர்களின் சொந்த முயற்சியால் இன்று பிற்பகல் மூன்று மணியோடு நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. அறிவிப்பைக் கேட்கத் திரண்டிருந்த பொதுமக்கள்: தலைவரின் மனைவி, ஒருவர்.

பழைய கார் பிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர். நால்வருக்கும் பதவி உண்டு. இவர் தலைவர். வீட்டில் அந்தப் பதவி செல்லாது.

"இன்னிக்கு ஒரு சொட்டு உள்ள வந்தாலும் வண்டிய வித்துடணும். நீங்களே சொன்னது."

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

சொல்லாதது ஒன்று இருந்தது. காலையில் காரின் கால்மிதி நனைந்திருந்தது. மழை பெய்து பத்தொன்பது நாளாகிறது. பிழிந்தபோது வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை, கூடவே யாரோ தலை துவட்டிப் போட்ட துண்டின் வாடை. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய ஈரம்தான் என்று தனக்குத் தானே சான்றிதழ் வழங்கிக்கொண்டார்.

கண்ணாடி பொருத்துகிறவர் போன வாரமே சொல்லியிருந்தார்: "ரப்பரைச் சுத்தி எவ்வளவு பசை வேணா போடுங்க சார். வண்டித் தரையில இருக்கற ஓட்டைங்கள மட்டும் அடைச்சிடாதீங்க. வந்த தண்ணி போகணும்ல." வந்தால்தானே போவதற்கு? தலைவர் அவற்றையும் அடைத்துவிட்டார்.

சோதனை முறை எளிது. ஒருவர் வெளியே நின்று ரப்பர் குழாயால் கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கசியும் இடத்தை சாக்பீஸால் குறிக்க வேண்டும். பேசினால் கேட்காது என்பதால் கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் இன்னும் ஊற்று, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. கதவின் உள் கைப்பிடிகளும், கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளும் சங்கத்தின் கார் கண்காட்சிக்காகப் பாலிஷ் போடப் போயிருந்தன. பேட்டரியும் கழற்றியாயிற்று, ஹாரன் அடிக்காது. மனைவி வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.

தண்ணீர் கண்ணாடியில் விழுந்து, மனைவியின் முகத்தைக் கரைத்து, காரின் தகரக்கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, தலைவர் டார்ச்சை ரப்பர் ஓரமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். மேல் மூலை காய்ந்திருந்தது. கீழ் மூலையும் காய்ந்திருந்தது. பெருமையோடு ஒரு தட்டு தட்டினார். இரைச்சல் கூடியது.

கணுக்காலில் வெதுவெதுப்பு.

டார்ச்சைக் கீழே திருப்பினார். கால்மிதி மிதந்துகொண்டிருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார், சொட்டுக்கூட இல்லை. பின்சீட்டின் அடியிலிருந்து, அவசரமில்லாமல், பூச்சாடி வாடையோடு தண்ணீர் முன்னே வந்துகொண்டிருந்தது. முதலில் அவருக்குத் தோன்றியது, இதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான். முழங்கால் நனையும்வரை அப்படியே தோன்றிக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு தட்டு தட்டினார்.

பின்கண்ணாடியில் ஒரு தட்டு கேட்டது.

அவருடையது அல்ல.

"இன்னுமா?" வெளியே மனைவியின் குரல் மங்கலாக வந்தது. "சரி, சரி. தலைவர் சொன்னா சரிதான்."

மீண்டும் இரண்டு தட்டினார். பின்னால் ஒன்று. நிதானமாக. மரியாதையாக. மிச்சத்தைப் பூர்த்தி செய்வதுபோல.

கத்தினார். கூரைமேல் தண்ணீர் இரைந்தது. கண்ணாடியை உதைத்தார். தண்ணீருக்குள் கால் கனவில்போல மெதுவாக நகர்ந்தது. அவர் தடவிய பசை அசையவில்லை. நல்ல பசை.

இடுப்பு.

மார்பு.

திரும்பக் கூடாது. திரும்பவே கூடாது. மேலே இருந்த, பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடி தானாகக் கண்ணில் பட்டது. பின்சீட்டில் முன்பின் தெரியாத நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துவரை தண்ணீர். கூந்தல் மிதந்தது. ஓரத்தில் இருந்தவள் விரல் முட்டியைப் பின்கண்ணாடியில் வைத்து, அவர் அடுத்துத் தட்டுவதற்காகக் காத்திருந்தாள். மற்ற மூவரும் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடுவே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.

வெளியே மனைவி குழாயோடு குனிந்து, ரப்பர் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள்.

கசிவு நின்றிருந்தது.