சுவருக்குப் போட்ட கதவு

பக்கத்து வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். வேறெங்கே நிற்பேன்? கட்டிலுக்கும் பீரோவுக்கும் முன்னால் ஒரு இரும்புக் கலன் இறங்கியது. பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. புருஷன் ரசாயன ஆராய்ச்சிக்காரர். மரத்தைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து லிக்னினையும் செல்லுலோஸையும் தனித்தனியாகப் பிரிப்பாராம். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக உறை செய்வாராம். தெருவில் அவருக்கு 'மரச்சமையல்' என்று பேர் வைத்தோம்.

"லிக்னின்னா பசை மாதிரிக்கா," என்று அவர் மனைவி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விளக்கினாள். "நாரையெல்லாம் இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதைக் கரைச்சுட்டா பிடி விட்டுடும்."

மரத்துண்டு தீர்ந்துபோன அன்று அவர் கண் அவர்கள் வீட்டுக் கூடத்துக் கதவில் விழுந்தது. ஆணியடித்து மூடிய கதவு. பின்னால் அறை கிடையாது, வெறும் சுவர். சுவருக்கு எதற்குக் கதவு என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிட்டார். என்னிடமே!

"வாடகை வீடுங்க, வேண்டாம்," என்றாள் மனைவி.

"நல்ல வைரம் பாய்ஞ்ச மரம்டி. பின்னாடி சுவர்தானே இருக்கு?"

மதியம் அந்தக் கதவு துண்டு துண்டாகக் கலனுக்குள் கொதித்தது. ஈரக் கந்தலைக் கருக்கிய வாடை தெருவை மூடியது. உள்ளேயிருந்து ஏதோ தட்டுவது எனக்கே கேட்டது.

அடுப்பை அணைத்த பிறகும் தட்டியது.

பசை கரைந்த கறுப்புச் சாற்றை அவர் வாளியில் வடித்தார். வெள்ளைக் கூழை அலசி, கொல்லையில் சல்லடைச் சட்டத்தில் தாளாக விரித்தார். அதுவரை மதில் வழியாகப் பார்த்தேன். பிறகு அவள் அலறல் கேட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கொல்லையில் அவரைக் காணோம். கண்ணாடி மட்டும் தரையில் கிடந்தது.

ஈரத் தாளில் ஒரு உள்ளங்கை. மேலிருந்து அழுத்திய பள்ளமில்லை. அடியிலிருந்து தள்ளிய மேடு.

பக்கத்தில் இன்னொன்று. அதில் அவர் மோதிரத்தின் வளையம்.

விரல்கள் அசைந்தன.

"சுவருக்குப் பின்னாடி எதுவும் இல்லக்கா," என்று அவள் கிசுகிசுத்தாள். "கதவுக்குள்ளயே இருந்திருக்கு. பசைதான் அதைப் பிடிச்சு வெச்சிருந்தது. இவர் போய்க் கரைச்சுட்டாரே!"

"வாடி, ஓடிடலாம்."

"அவரை விட்டுட்டா? பசையைத் திருப்பிக் குடுத்தா அது அவரை விட்டுடும்க்கா."

நான் பிடிப்பதற்குள் வாளியைத் தூக்கித் தாள்மேல் கவிழ்த்துவிட்டாள். கூழும் சாறும் குழைந்து, சட்டத்திலிருந்து வழிந்து, சாக்கடையில் புரண்டு, என் வீட்டு வாசலில் தேங்கின. அங்கே என் கதவு இருக்கிறது. பழைய மரம், தாகம் அதிகம். அடிப்பலகை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டது.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கதவில் சாய்ந்துதான் உட்காருவாள், தூங்குவாள். கதவை மாற்றலாம் என்றால், "அவர் இதுலதான்க்கா இருக்கார்," என்று கட்டிக்கொள்கிறாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் நான்தான் சொல்லி வைத்தேன்.

இன்று சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்ந்தாள். சும்மா இருக்க முடியுமா? கதவில் காதை வைத்தேன்.

இரண்டு குரல்கள். ஒன்று அவருடையது.

என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.