சாயத் தாழியில் புன்னாக்

காலை 7.40.

அனுசித் போட்ட கூச்சல் கேட்டதும் துவாங்ஜாய் நூல்கட்டைக் கீழே போட்டுவிட்டு மூங்கில் வேலியைத் தாண்டினாள். பக்கத்து வீட்டுச் சாயக்கொட்டகைக்கு இருபது எட்டுகூட இல்லை. தரையில் கொட்டகைக்காரி புன்னாக் மல்லாந்து கிடந்தாள். பின்மண்டை பிளந்திருந்தது. கூந்தல், முகம், கழுத்து எல்லாம் கருநீலம். முழங்கைவரை நீலமான கைகளோடு அனுசித் அருகில் மண்டியிட்டிருந்தான். ஊர் பௌத்தக் கோயிலையும் அவுரிச் சாயக்காரர்களையும் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறவன்.

“தாழிக்குள்ள தலைகுப்புறக் கெடந்தாங்க அக்கா. இப்பத்தான் தூக்கிப் போட்டேன். மூச்சு இல்ல.”

8.25.

கோயில் கோபுரத்து வெண்கல நாகத் தலை திருடுபோய் நாலு நாளாகிறது. அதைத் தேடி அந்த ஊரில்தான் இருந்தாள் சப்-இன்ஸ்பெக்டர் ரட்சனி. செய்தி கேட்டு அவள் வருவதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. புன்னாக்கின் தம்பி கம்சேனைப் புளியமரத்தில் கட்டி வைத்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு பற்கள் மண்ணில் கிடந்தன. நேற்று குடிபோதையில் அக்காவின் தாழி ஒன்றை உடைத்தவன். இன்று காலையும் கத்திக்கொண்டே கொட்டகையிலிருந்து வெளியேறியவன். ஊருக்கு அது போதும்.

“அவுத்து விடுங்க,” என்றாள் ரட்சனி.

யாரும் அசையவில்லை. துப்பாக்கியை உருவித் தொடையோரமாகப் பிடித்துக்கொண்டாள். கயிறு அவிழ்ந்தது.

“எத்தனை மணிக்குக் கெளம்பின?”

“ஏழு பத்து.”

“அக்காவைக் கொன்னுட்டுக் கெளம்பினியா?”

“வாசல் வரைக்கும் வந்து திட்டினா மேடம். செத்தவ எப்படித் திட்டுவா?” என்று ரத்தத்தைத் துப்பினான் கம்சேன்.

“ஆமா மேடம், அவ சத்தம் எனக்கும் கேட்டுச்சு,” என்றாள் துவாங்ஜாய். “அதைச் சொன்னா இவங்க காதுல வாங்கல.”

9.00. கொட்டகை.

பிணத்தின் பின்கழுத்தில் மெல்லிய சிவப்புக் கீறல். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் விழுவது போல.

“இங்க என்ன போட்டிருந்தாங்க?”

“மரப்பெட்டிச் சாவி. குளிக்கறப்பகூடக் கழட்டமாட்டா,” என்றாள் துவாங்ஜாய்.

மூலையில் மரப்பெட்டி திறந்து கிடந்தது. சாவி இல்லை. மூடியில் நீல விரல் தடங்கள்.

“இங்க எதுலதான் நீலம் இல்ல மேடம்?” என்றான் கூட வந்த கான்ஸ்டபிள்.

அடித்த ஆயுதத்தைக் காணோம். ரட்சனி சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தாழிக்குள் தோள்வரை கையை விட்டாள். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. அடியில் மரச் சம்மட்டி தட்டுப்பட்டது. வெளியே எடுத்தபோது தலைமுடிக் கற்றை அதில் ஒட்டியிருந்தது.

ஆனால் அவள் பார்த்தது தன் கையை. அது மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது.

“காத்துப் பட்டாத்தான் நீலமாகும்,” என்றாள் துவாங்ஜாய். “கொஞ்ச நேரம் ஆகும்.”

மணி 9.06. ரட்சனி கையை நீட்டியபடி நின்றாள். கையில் மெல்ல நீலம் ஏறியது. அது கருநீலமானபோது மணி 9.13.

“அக்கா, அனுசித் கூச்சல் போட்டு எவ்வளவு நேரத்துல உள்ள வந்தீங்க?”

“வேலி தாண்டற நேரந்தான்.”

“அப்ப இவங்க முகம் என்ன நெறம்?”

“நல்ல கருநீ...” துவாங்ஜாய் ரட்சனியின் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

9.20.

அனுசித் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். கொலைகாரனைப் பிடித்துவிட்டதாக நினைத்த ஊருக்கு நடுவில், பிணத்தைக் கண்டுபிடித்த அவன்தான் இன்று பெரிய மனுஷன்.

“நீ சாயம் போடறதைப் பாத்திருக்கியா?” என்று கேட்டாள் ரட்சனி.

“ஆளுங்களை எறக்கி விட்டுட்டு வேன்ல தூங்குவேன் மேடம். எனக்கெதுக்கு அது?”

“பாத்திருக்கணும். இப்பத்தான் தூக்கியிருந்தா முகம் பச்சையா இருக்கும். உன் கையும் பச்சையா இருக்கும். நீ தூக்கி எட்டு, பத்து நிமிஷம் கழிச்சுக் கத்தியிருக்க. மண்டையில அடிச்சு உள்ள அமுக்கிட்ட. அப்புறந்தான் கழுத்துல சாவி இருக்கறது ஞாபகம் வந்துது. வெளிய இழுத்துச் சாவியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்த. அதுக்குள்ள கை நீலமாயிடுச்சு. கழுவினாலும் போகல. அந்தக் கையோட ஊருக்குள்ள நடக்க முடியாதுன்னுதான் நீயே பொணத்தைக் கண்டுபிடிச்ச.”

“பெட்டியில எனக்கென்ன வேணும்?”

“வேன்ல தேடிப் பாத்துடலாம்.”

வேனை ஒட்டிய கொட்டகைச் சுவரில் அவுரிச் செடி அறுக்கும் அரிவாள் சாத்தியிருந்தது. அவன் அதை எடுத்து வீசியது கழுத்துக்கு. ரட்சனி வலக்கையைக் குறுக்கே கொடுத்தாள். எலும்பில் போய் நின்றது அரிவாள். மறுவீச்சுக்கு ஓங்கியவனின் கால்களை, கூட்டத்திலிருந்து பாய்ந்த கம்சேன் கட்டிப்பிடித்துக் கவிழ்த்தான். ரட்சனி இடக்கையால் சுட்டாள். அனுசித்தின் முழங்கால் சிதறியது.

வேன் இருக்கைக்கு அடியில், நீலக் கறை படிந்த துணிக்குள், நாகத் தலை இருந்தது. அவன் சட்டைப் பையில் சாவி. சாயக்கொட்டகையில் எவன் தேடுவான் என்று புன்னாக்கின் நூல்மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். அவள் கண்ணில் பட்டுவிட்டது. எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு, துறவிகளின் காலைப் பிச்சை முடிந்ததும் தலைமைத் துறவியிடம் கொடுக்கப்போகிறேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள்.

மாலை 4.00.

கோயில் மண்டபத்தில் புன்னாக்கைக் கிடத்தியிருந்தார்கள். எலுமிச்சை தேய்த்தும் முகத்து நீலம் போகவில்லை. ஊரார் வரிசையாக வந்து அவள் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி, செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று முணுமுணுத்தார்கள். காலையில் உதைத்தவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கிண்ணத்தோடு கம்சேன் முன்னால் வந்து தயங்கி நின்றான்.

வீங்கிய உதட்டோடு கம்சேன் நிமிர்ந்து பார்த்தான்.

“அவகிட்ட கேட்டாச்சுல்ல? எங்கிட்ட கேக்காதீங்க. போங்க.”