எண் போடாத நீலக் கோடு

மலையாளத் துலாம் மாதத்து ஐப்பசி மழை பாறசாலைப் பக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மதியம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் இடி வீட்டுக் கூரையை ஆட்டிவிடும். அதனால் பிரதீஷ் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி ஆதிராவிடம் வயரைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

"இடி முழங்கினா உடனே மோடம் வயர ஊரிப் போடணும், மறந்திராதே."

"எத்தன தடவ சொல்லுவிய? நான் ஊரிக்கிடுவேன்" என்பாள் அவள், வயிற்றுப் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தபடி.

ஆரியங்கோட்டில், ரப்பர் தோட்டத்து நடுவே ஒரு பழைய வீட்டில்தான் வேதமணியின் இன்டர்நெட் ஆபீஸ். சுற்றுவட்டார வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் சின்ன இடம். பிரதீஷ் அங்கே சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அன்றைக்கு நெட் இழுத்துக்கொண்டே இருந்ததால் பின்னறைக் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அறையில் ரப்பர் ஷீட் வாடை. அதற்கடியில் ஏதோ கருகின வாடையும்.

வயர் சொருகும் கார்டு ஒவ்வொன்றின் வழியாகவும் எவ்வளவு டேட்டா போகிறது, வருகிறது என்று காட்டும் கிராப்பைத் திறந்தான். மூன்று கோடுகள். மூன்று நெட்வொர்க் கார்டுக்கும் ஒரே கம்பெனிப் பெயர். ஒன்றின் பின்னால் 2, இன்னொன்றின் பின்னால் 3, முதலாவதற்கு எண்ணே இல்லை. இதில் எது எந்தக் கார்டு என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? கைகண்ட வழி ஒன்றுண்டு. வயரைப் பிடுங்கினால் எந்தக் கோடு விழுகிறதோ, அதுதான் அந்தக் கார்டு.

ஒரு வயரைப் பிடுங்கினான். சிவப்பு விழுந்தது. அந்த வயரைத் தன் லேப்டாப்பில் சொருகிச் சோதித்தான், குறை ஒன்றுமில்லை. அடுத்ததைப் பிடுங்கினான். பச்சை விழுந்தது.

பிடுங்க வேறு வயர் இல்லை.

எண்ணில்லாத நீலக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணா, இதுல எத்தன கார்டு உண்டு?"

வேதமணி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "ரெண்டாக்கும்."

"மூணு காட்டுதே."

"ஒண்ணு பழசு மக்கா. கருகிப் போச்சு. எடுத்துக் களஞ்சாச்சு."

கழற்றிப்போட்ட கார்டின் பெயரைக் கம்ப்யூட்டர் லேசில் மறக்காது என்பது பிரதீஷுக்குத் தெரிந்ததுதான். பழைய பெயர் உள்ளே கிடப்பதால்தான் பின்னால் வந்தவற்றுக்கு 2, 3 என்று எண் விழுகிறது. பெயர் கிடக்கலாம். கோடு எப்படி ஓடும்?

"எப்படிக் கருகிச்சு?"

வேதமணி தாழ்ந்த குரலில் சொன்னார். "உனக்கு முந்தி சிபின்னு ஒருத்தன் இங்க வேலைக்கு நின்னான். இடி முழங்குதுன்னு வயர ஊரப் போனான். கையில பிடிக்கவும் மின்னல் வெட்டிச்சு. செத்த பெறவும் வயர அவன் கையிலேருந்து பிரிக்க முடியல்ல."

நீலக் கோடு விருட்டென்று உச்சிக்கு ஏறி நின்றது.

கருகல் வாடை மூக்கில் அறைந்தது.

அதற்குப் பிறகுதான் மின்னல் வெட்டியது.

கோடு இறங்கி, மறுபடி ஏறியது. மறுபடியும் அதற்குப் பிறகே மின்னல்.

வேதமணி வாசலிலிருந்து கத்தினார்.

"எலே, வெளிய வா!"

பிரதீஷ் லேப்டாப்பை வாரிக்கொண்டு ஓடினான். கொட்டுகிற மழையில் அமரவிளையில் வீடு வந்து சேரும் வரைக்கும் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

ஆதிரா அடுக்களையில் நின்றாள். அவளைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உயிரே வந்தது. அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது. இனி வேலைக்கு வரமாட்டேன் என்று வேதமணிக்கு எழுதிவிட நினைத்து, உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்தான். முன்னறை மோடத்திலிருந்து வந்த நீள வயரைச் சொருகினான். ஏதோ தோன்ற, கிராப்பைத் திறந்தான்.

லேப்டாப்பில் உள்ளது ஒரே கார்டு. வாங்கின நாள் முதல் எண் எதுவும் இல்லாத பெயர்.

இப்போது அந்தப் பெயரின் பின்னால் 2 இருந்தது.

அதற்கு மேலே, அதே பெயரில், எண்ணில்லாமல் இன்னொன்று. நீல நிறம்.

தூரத்தில், நெய்யாற்றங்கரைப் பக்கமாக, வானம் மெல்ல உறுமியது.

கருகல் வாடை அறையில் நிறைந்தது. நீலக் கோடு எழும்பி உச்சியைத் தொட்டு நின்றது.

"ஆதிரா!" என்று கத்த வாயைத் திறந்தான்.

அதற்குள் முன்னறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"கேட்டியளா, இடி முழங்குது. நீங்க எழும்பண்டாம். வயர் என் கையிலதான் இருக்கு."